மலைநாட்டு வீட்டுக்குப் பூச்செடி வாங்குமுன்

கொழும்பில் வீட்டுத் தோட்டங்கள் அமைத்துக் கொடுப்பது என் தொழில். இப்போது வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்து வாடிக்கையாளர்கள் பலர் நுவரெலியாவிலும் ஹப்புத்தளையிலும் காணி வாங்கி விடுமுறை வீடு கட்டுகிறார்கள். அங்கேயும் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்வந்த ஒரு அம்மா தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். முள்ளுப் புதர் முழுக்க மஞ்சள் பூ. "தேங்காய் வாசம் அடிக்குது தம்பி. வேலிக்கு இதையே வைச்சா என்ன?"

அது கோர்ஸ். மேற்கு ஐரோப்பாவிலிருந்து வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே வந்தது. பூ தேங்காய் வாசம் அடிப்பது உண்மைதான். ஆனால் மலையில் வைக்கவே கூடாத செடி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

காய் முற்றி வெடித்தால் விதை சில மீற்றர் தூரம் தெறிக்கும். விழுந்த விதை முப்பது வருடம் மண்ணில் உயிரோடு கிடக்கும். தண்டிலும் இலையிலும் எண்ணெய்ப் பசை இருப்பதால் வறண்ட காலத்தில் சட்டென்று தீப்பிடிக்கும். எரிந்து போனாலும் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். மண்ணில் கிடந்த விதைகளும் அந்தச் சூட்டில் முளைக்கத் தொடங்கும். ஆக, தீ வைத்து அழிக்கப் பார்ப்பவர் அதற்கு உதவிதான் செய்கிறார். அப்புறம், அவரை, பயறு மாதிரி இதுவும் வேரில் நைதரசன் சேர்க்கும். மரக்கறித் தோட்டத்தில் அது நல்ல குணம். ஹோர்ட்டன் சமவெளியின் பத்தனை என்கிற மலைப் புல்வெளியின் புல்லோ சத்துக் குறைந்த, குளிர்ந்த மண்ணுக்குப் பழகியது. அந்த மண் மாறினால் புல்லுக்கும் ஓடையோரத்துக் குட்டை மூங்கிலுக்கும் இருந்த இடம் போய்விடும்.

தாழ்நிலத்தில் ஒரு செடி விரட்டப்பட்டால் அடுத்த ஊரிலாவது அது இருக்கும். ஹோர்ட்டன் சமவெளி சுமார் 2,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதிலேயே ஆக உயர்ந்த கிரிகல்பொத்த மலை 2,389 மீற்றர்தான். அங்குள்ள உயிர்களில் பல உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றுக்கு அதற்கு மேல் ஏறிப் போக இடமே இல்லை.

எல்லாம் ஒரே கறுப்பு வெள்ளையுமில்லை. இலங்கைக்கே உரிய கறுப்பு உதட்டு ஓணான் அந்தக் கோர்ஸ் முள்ளுக்குள்தான் பறவைகளுக்குத் தப்பி ஒளிந்து கொள்கிறது. அதனால் ஒரேயடியாக வெட்டிச் சாய்க்காமல் பகுதி பகுதியாக அகற்றுவதே சரி என்பது என் எண்ணம்.

எங்கள் தொழிலுக்கு இதில் பழைய பங்கு உண்டு. மலைகளைப் பிடித்த செடிகளில் பல அழகுக்காக வந்தவை. நாயுண்ணி 1826இல் பேராதனைத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. மைக்கோனியா என்ற, அடிப்பக்கம் ஊதா நிறமான பெரிய இலைச் செடியும் 1888இல் அதே தோட்டத்துக்குத்தான் வந்தது. மைக்கோனியா எவ்வளவு தூரம் போகும் என்று தெரிய தாஹிட்டித் தீவைப் பார்க்க வேண்டும். 1937இல் ஒரு தோட்டத்தில் வைத்த செடி இன்று தீவின் பாதிக்கும் மேலான பரப்பில் பரவியிருக்கிறது. அதன் இலை நிழலில் வேறு செடி முளைப்பது அரிது. வேரோ ஆழம் போகாதது. சரிவில் மண்ணைப் பிடித்து வைக்காது. மண்சரிவுக்குப் பயந்து வாழும் நம் மலையகத்தில் இதை யாரும் 'இன்டோர் பிளாண்ட்' என்று விற்றால் எனக்குக் கோபம் வரும்.

நக்கிள்ஸ் மலையில் வேறு கதை. ஏலத்துக்காகக் கீழ்ச்செடிகளை வெட்டிய காட்டுக்குள் கிளிடீமியா என்ற வெளிநாட்டுப் புதர்ச்செடி நுழைகிறது. அதன் கருநீலப் பழத்தைத் தின்னும் குருவிகள் விதையைத் தூரத்துக்குக் கொண்டு போகின்றன.

"கொழும்பில இருக்கிற எங்களுக்கு என்ன?" என்று கேட்கிறவர்களும் உண்டு. கொழும்புக் குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுப்பது. அந்தக் கங்கை பிறப்பது இதே மத்திய மலைநாட்டில். ஆகாயத்தாமரைக் கதையும் நமக்குத் தெரிந்ததுதான்: பூ அழகென்று கொண்டுவந்து, 1909இல் அதைத் தடுக்கவே தனிச் சட்டம் போட்டார்கள். இன்றைக்கும் அது வாய்க்கால்களை விட்டுப் போகவில்லை.

சரி, என்ன செய்யலாம்? சுற்றுலாவில் பார்த்த செடியின் கிளையை ஒடித்துக்கொண்டு வராதீர்கள். தேசிய பூங்காவில் அது சட்டப்படியும் குற்றம். மலை ஏறுமுன்னும் இறங்கிய பின்னும் சப்பாத்து அடியிலுள்ள சேற்றைக் கழுவுங்கள். கொழும்பிலிருந்து மண்ணும் உரமும் லொறியில் ஏற்றி மலைக்கு அனுப்பாதீர்கள், அதோடு என்ன விதை போகிறதென்று யாருக்கும் தெரியாது. வெட்டிய கொப்புகளைக் காட்டோரத்தில் கொட்டுவது இதைவிட மோசம்.

செடி விற்பவரிடம் விலைக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: காய்க்குமா, பழத்தைக் குருவி தின்னுமா, கிளை விழுந்தால் வேர் விடுமா? மூன்றுக்கும் 'ஓம்' என்றால் மலைக்கு வேண்டாம். ஊதாப் பூவுக்கு நம் போவிட்டியா இருக்கிறது. சிவப்புப் பூ வேண்டுமென்றால், நாற்று கிடைக்கும்போது நம் மலைக்கே உரிய ரொடொடென்ட்ரன் வையுங்கள். அது மெதுவாகத்தான் வளரும், அந்தப் பொறுமை வேண்டும்.

வாங்கிய காணியிலேயே கோர்ஸ் இருந்தால் பூக்குமுன் வேரோடு தோண்டுங்கள், எரிக்காதீர்கள். அதோடு முடியாது, மழைக்கு மழை புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும், பல வருடங்கள் ஆள் வைத்துப் பிடுங்க வேண்டியிருக்கும். காணி விலை பேசும்போதே அந்தக் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.