பஞ்சிங் பேக்கைக் குத்தினால் கோபம் தணியுமா?

கோபத்தை அடக்கி வைத்தால் ஒருநாள் வெடித்துவிடும், கத்தித் தீர்த்துவிட்டால் மனசு லேசாகும் என்று பலரும் நம்புகிறோம். இது பழைய நம்பிக்கை. அடைபட்ட உணர்ச்சியை வெளியேற்றுவது ஒரு சிகிச்சை என்று மருத்துவர்கள் ஃபிராய்டும் பிராயரும் 1895-லேயே எழுதினார்கள். மனசு ஒரு பிரஷர் குக்கர், ஆவியை விட்டுவிட்டால் சரி என்கிற கணக்கு.

அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் இதைச் சோதித்து 2002-ல் முடிவை வெளியிட்டார். மாணவர்கள் 600 பேர். ஒரு கட்டுரை எழுதச் சொல்லி, 'நான் படித்ததிலேயே படுமோசமானவற்றில் ஒன்று' என்ற ரீதியில் திட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு பிரிவினர் திட்டியவரை நினைத்துக்கொண்டே பஞ்சிங் பேக்கைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தினார்கள். மூன்றாம் பிரிவினர் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பிறகு, திட்டியவரின் காதில் எவ்வளவு சத்தத்தைப் பாய்ச்சலாம் என்று தீர்மானிக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைத்தது. திட்டியவரை நினைத்துக் குத்தியவர்கள்தான் அதிகக் கோபத்தில் இருந்தார்கள். குறைவாகப் பழிவாங்கியவர்கள் சும்மா இருந்தவர்கள்! 'கொஞ்ச நேரம் பேசாம இரு' என்று அதட்டும் பாட்டிகள் சிரித்துக்கொள்ளலாம்.

ஏன் இப்படி? யாராவது அவமானப்படுத்தினால் மூளையில் ஆபத்தை உணரும் அமிக்டலா என்ற பகுதி உஷாராகிறது, அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. குத்துவதும் கத்துவதும் அதே இதயத்துடிப்பை இன்னும் ஏற்றிவிடுகின்றன. உடல் படபடப்பாகவே இருக்க, மனசு திட்டியவன் முகத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தால், அந்தப் படபடப்பு முழுக்கக் கோபத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். குத்தும்போது ஒரு சுகம் இருப்பது உண்மைதான். அந்தச் சுகம்தான் மறுமுறையும் குத்தத் தூண்டுகிறது.

154 ஆய்வுகளைத் திரட்டி 2024-ல் வந்த அலசலும் இதையே சொல்கிறது: மூச்சுப் பயிற்சி, தியானம், யோகா, தசைகளைத் தளர்த்துவது எல்லாம் கோபத்தைக் குறைக்கின்றன. ஜாகிங் உதவவில்லை, கோபத்தைக் கூட்டவே செய்தது. பந்து விளையாட்டுகள் மட்டும் விதிவிலக்கு. விளையாட்டின் குஷி காரணமாக இருக்கலாம்.

செய்முறை எளிது. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். நீளமாக மூச்சை விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத்துடிப்பு இறங்கும்.

ஆனால் இதை யாரும் கோபத்தை விழுங்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சம்பளத்தைப் பிடித்து வைத்த முதலாளி மீது வரும் கோபம் நியாயமானது. மூச்சுப் பயிற்சி அந்தச் சம்பளத்தை வாங்கித் தராது. படபடப்பு அடங்கியதும் போய்க் கேட்கத்தான் வேண்டும்.