கோரைக்கிழங்கும் குர்குமினும்

பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டைமாடி ரோஜாத்தொட்டியில் கோரை முளைக்கும். பிடித்து இழுத்தால் தாள் கையோடு வந்துவிடும், பத்து நாளில் மறுபடி தலைகாட்டும். மண்ணைக் கிளறினால் உள்ளே கறுப்பாக, கடலை அளவில் கிழங்கு உட்கார்ந்திருக்கும்.

புற்றுக்கட்டிக்கும் இப்படியொரு கிழங்கு உண்டு: புற்று ஸ்டெம் செல், அதாவது புற்றை மறுபடி முளைக்கவைக்கும் மூலச் செல். 1994இல் டொரன்டோவில் ஜான் டிக் குழுவினர் ரத்தப் புற்றுச் செல்களை எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். நோயைப் புதிதாகக் கிளப்பியவை அவற்றில் மிகச் சிலவே. 2003இல் மார்பகப் புற்றிலும் அப்படிப்பட்ட செல்கள் பிடிபட்டன.

ரோஜாவுக்குப் பக்கத்துத் தொட்டியில் நித்தியகல்யாணி. அதிலிருந்து எடுக்கிற வின்கிறிஸ்டின் என்ற புற்றுமருந்து, செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நூல்களைக் கட்டவிடாது. சரி, பிரியாமல் தூங்கும் செல்லை என்ன செய்வது? ஸ்டெம் செல்களில் பல அப்படித் தூங்குகிறவை. போதாததற்கு, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகள் வேறு அவற்றின் சவ்வில் இருக்கின்றன.

அதனால் அவற்றை ஸ்டெம் செல்லாகவே வைத்திருக்கும் சமிக்ஞைகளை அறுக்கப் பார்க்கிறார்கள். அதில் ஒன்றுக்கு ஹெட்ஜ்ஹாக் என்று பெயர். 1950களில் அமெரிக்காவின் ஐடஹோவில் சினை ஆடுகள் ஒரு காட்டுச்செடியைத் தின்றதால் ஒற்றைக்கண் குட்டிகள் பிறந்தன. அந்தச் செடியிலிருந்த சைக்ளோபமைன் ஹெட்ஜ்ஹாக்கை அடைத்துவிடுகிறது என்பது பிற்பாடு தெரிந்தது. அதே இடத்தை அடைக்கும் விஸ்மோடெகிப், 2012இல் ஒருவகைத் தோல் புற்றுக்கு மருந்தாக அனுமதி பெற்றது.

மஞ்சளின் குர்குமினும் ஆய்வகத் தட்டில் இத்தகைய சமிக்ஞைகளைத் தளர்த்துகிறது. ஆனால் விழுங்கினால் கதை வேறு. குடலும் கல்லீரலும் அதன்மேல் ஒரு சர்க்கரை அமிலத்தை ஒட்டி வெளியேற்றிவிடும். ரத்தத்தில் தேறுவது சொற்பம். 1998இல் நம்ம பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரச்சத்து, கொடுத்தார்கள். ரத்தத்தில் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு ஏறியது. பைப்பரின் அந்த ஒட்டுவேலையைத் தடுக்கிறது.

மிளகு ரசம் வைக்கிறவர்களுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். 2 கிராமுக்கு 60 கிராம் தூளுக்கு மேல் வேண்டும். அந்த ரசத்தை யார் குடிப்பது?

சித்திக்குக் கீமோ நடக்கும்போது அவர் மஞ்சள்-மிளகு மாத்திரை டப்பா ஒன்று வாங்கி வந்தார். எனக்குத் திக்கென்றது. வின்கிறிஸ்டினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியையும் பைப்பரின் தடுப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். குர்குமினைத் தேக்குவதுபோல கீமோ மருந்தையும் தேக்கிவிட்டால்? டப்பாவோடு டாக்டரிடம் போனோம். கீமோ முடியும்வரை மாத்திரை வேண்டாம் என்றார்.

“ரசம்?” என்றார் சித்தி.

“அது தாராளமா.”