கிளம்பாத ராக்கெட்டை யாரும் குனிந்து பார்க்கக் கூடாது

பிள்ளைக்கு ராக்கெட் பிறந்தநாள் வைக்கப்போகிறோம் என்று யாராவது சொன்னால், கண் மருத்துவராக நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: விடுகிற ராக்கெட் கிளம்பவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? கேக், தோரணம், ரிட்டர்ன் கிஃப்ட் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார்கள். இதற்கு மட்டும் "போய்ப் பாக்க வேண்டியதுதான்" என்பார்கள். ராக்கெட் பட்டு என்னிடம் வந்த பிள்ளைகளில் பலர் அப்படிப் போய்ப் பார்த்தவர்கள்தான்.

நம் நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ராக்கெட் மேல் ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். பணகுடி, காவல்கிணறு வழியாகப் போகும்போது மேற்கே தெரிகிற மகேந்திரகிரியில்தான் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ராக்கெட்டில் வைக்கிற விகாஸ் எஞ்சினையும், மிகக் குளிர்ந்த எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினையும் அங்கே எரித்துச் சோதிக்கிறார்கள். குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல்லும் நாட்டியாயிற்று. அந்த ஆசை வளரட்டும். விருந்தைத் தாராளமாக வையுங்கள்.

ஒரு கோடை விடுமுறையில், ஒன்பது வயதுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தார்கள். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, கார்க்கால் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து விடுகிற ராக்கெட். "அடிச்சு அடிச்சுப் பாத்தோம், போகவே இல்ல. கார்க்கு இறுகிட்டோன்னு குனிஞ்சேன், அப்பந்தான் போச்சு" என்றான். கூட வந்த ஆச்சி, "தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டோம் டாக்டரம்மா, செவப்பு கொறையல" என்றார். வெளியே பார்த்தால் லேசான சிவப்புதான். கண்ணுக்குள் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியை வைத்துப் பார்த்தேன். கருவிழிக்குப் பின்னால், கண்ணின் முன்னறையில் ரத்தம் தேங்கியிருந்தது. அவன் உட்கார்ந்தே வந்ததால் மேலே தெளிவாகவும் அடியில் சிவப்பாகவும், கோடு கிழித்த மாதிரி மட்டமாக நின்றது. இதை ஹைஃபீமா என்போம். ரத்தம் தானாக வடியலாம். ஆனால் முதல் ஐந்து நாளுக்குள் மறுபடி கசிந்தால் முதல் அடியைவிட அதுதான் மோசம். தலையை உயர்த்திப் படுக்க வைத்து, ஓடாமல் ஆடாமல் ஒரு பையனைப் பார்த்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அவன் அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். கார்க்கில் செருகியிருப்பது சைக்கிள் டியூபின் வால்வு. அது காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. பம்பைக் கழற்றிவிட்டால் காற்று போய்விடும் என்று பெரியவர்களே நினைக்கிறார்கள். பம்பைக் கழற்றினாலும் பாட்டிலுக்குள் அழுத்தம் அப்படியேதான் நிற்கும். கார்க் எப்போது நழுவும் என்று யாருக்கும் தெரியாது. கை பட்டாலும் நழுவும், நிழல் மாறி வெயில் ஏறினாலும் நழுவும்.

ஆகவே கார்க் வைத்த ராக்கெட்டே விருந்தில் வேண்டாம். கிளிப் போட்டு, கயிற்றை இழுத்து விடுவிக்கிற ஏவுமேடை செய்யுங்கள். மேடையில் வால்வு வைக்காமல், பம்பிலிருந்து வரும் குழாயில் மூன்று வாய் உள்ள T வடிவ இணைப்பும், திறந்து மூடுகிற சின்னக் குழாய் டேப்பும் போட்டுத் தரச் சொன்னால் பிளம்பர் போட்டுத் தருவார். ராக்கெட் சிக்கிக்கொண்டால் தூரத்தில் இருந்தபடியே டேப்பைத் திறந்து காற்றை இறக்கிவிடலாம். அழுத்தம் காட்டும் மீட்டர் உள்ள பம்பாக இருக்கட்டும், 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் போக வேண்டாம். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போதும். கேஸ் அடைத்த பானம் வந்த பாட்டிலையே எடுங்கள், வெறும் தண்ணீர் பாட்டில் அழுத்தம் தாங்காது. கீறல் விழுந்ததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் என்றால் என் ஓட்டு மிதி ராக்கெட்டுக்குத்தான். காலி பாட்டில், ஒரு துண்டுக் குழாய், சார்ட் பேப்பரைச் சுருட்டிச் செய்த ராக்கெட், மூக்கில் பஞ்சு. பாட்டிலை மிதித்தால் போகும், மிதிக்காவிட்டால் உள்ளே எதுவும் சேர்ந்திருக்காது. ராக்கெட்டைச் செருகுகிற பிள்ளைதான் மிதிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். ஒருவன் செருக இன்னொருவன் மிதிப்பதில்தான் வம்பு.

கடையில் வாங்கும் மோட்டார் வைத்த மாடல் ராக்கெட் விட ஆசைப்படுகிறவர்களும் உண்டு. அமெரிக்க மாடல் ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதிகளைப் படியுங்கள். சிறிய மோட்டாருக்கு 15 அடி, பெரியதற்கு 30 அடி தள்ளி நிற்க வேண்டும். திரி கிடையாது, மின்சாரத்தால்தான் பற்றவைக்க வேண்டும். கிளம்பாவிட்டால் பேட்டரி இணைப்பைக் கழற்றி 60 நொடி காத்திருந்த பிறகே ஒரு பெரியவர் கிட்டே போகலாம். மோட்டார் கிடைக்கவில்லை என்று தீக்குச்சி மருந்தைச் சுரண்டியோ பட்டாசைப் பிரித்தோ குழாயில் அடைப்பது வெடிகுண்டு செய்வதற்குச் சமம். உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றமும்கூட. சிவகாசியும் கோவில்பட்டியும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளிடம் "கிட்டப் போகாத" என்று கத்துவதைவிட ஒரு கதை சொல்லலாம். செயற்கைக்கோள் ஏவ இஸ்ரோ செய்த முதல் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் 2001 மார்ச் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பத் தயாராக நின்றது. பக்கவாட்டு எஞ்சின்களில் ஒன்று சரியாக உந்தவில்லை என்று கண்டு, கிளம்ப ஒரு நொடி இருக்கும்போது கணினியே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. ஏப்ரல் 18 அன்று அதே ராக்கெட் கிளம்பிப் போனது. விருந்திலும் ஒரு பிள்ளையின் கையில் சிவப்புக் கொடியைக் கொடுங்கள். ராக்கெட் சிக்கினால் அந்தப் பிள்ளை கொடியைத் தூக்கட்டும், மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே நின்று ஒன்றிலிருந்து 60 வரை சேர்ந்து எண்ணட்டும். பிள்ளைகளுக்கு அதுவும் விளையாட்டுதான்.

இடம் மொட்டை மாடி வேண்டாம். வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுகிற பிள்ளைக்குக் கைப்பிடிச் சுவர் தெரியாது. அறுவடை முடிந்த வயலோ பள்ளி மைதானமோ நல்லது. கரண்டுக் கம்பியிலோ பனையிலோ மாட்டிய ராக்கெட்டை விட்டுவிடுங்கள். ஆனி, ஆடியில் பிறந்தநாள் வந்தால் காற்று தணியும் காலை நேரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், காற்றாலை சுற்றுகிற ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. காற்றடிக்கிறவருக்கும் ஏவுகிற பிள்ளைக்கும் ஹார்டுவேர் கடையில் கிரைண்டர் வேலைக்கு விற்கிற, பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். பவர் கண்ணாடி அதற்கு ஈடாகாது. கேக் மெழுகுவர்த்தி எரியும்போது ஸ்நோ ஸ்ப்ரேயும் ஹைட்ரஜன் பலூனும் பக்கத்தில் இருக்கவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் கண்ணில் பட்டுவிட்டால், தேய்க்க விடாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதுவும் விடாதீர்கள். வலி மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள், ஆஸ்பிரின் போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டும். ஒரு பேப்பர் கப்பைக் கண் மேல் அழுத்தாமல் கவிழ்த்து, ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டி, உட்கார வைத்தே அழைத்து வாருங்கள். வழியில் பசிக்கிறது என்று அழுதாலும் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். பார்வை திரும்பி வீட்டுக்குப் போன பிள்ளைக்கும் ஆண்டுக்கு ஒருமுறை கண் அழுத்தம் பார்க்க வேண்டும். அன்று பட்ட அடியால் பல ஆண்டு கழித்தும் குளுகோமா என்கிற கண் அழுத்த நோய் வரலாம், அதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சொட்டு மருந்திலேயே கட்டுப்படுத்த வாய்ப்பு அதிகம்.