உரப்பு ஈடு

கணினியில் ஒலியை உருவாக்கும் நிரல்மொழியான சூப்பர்கொலைடரில் ஆம்ப்காம்ப் என்றொரு கருவி உண்டு. 'ஆம்ப்ளிட்யூட் காம்பன்சேஷன்' என்பதன் சுருக்கம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'வீச்சு ஈடுசெய்தல்'. ஆனால் வீச்சை, அதாவது அலையின் உயரத்தை, கூட்டிக் குறைப்பது எல்லா அதிர்வெண்களையும் ஒரேபோல் கேட்காத செவியின் ஏற்றத்தாழ்வை நிரவத்தான். அதனால் 'உரப்பு ஈடு' என்பதே சரி.

உரப்பு நம் பாடநூல்களில் உள்ள சொல். உரம் என்றால் வலிமை. உரக்க, உரத்த குரல் எல்லாம் அதன் உறவு. 'உரப்புதல்' என்றால் அதட்டுதல். அதட்டலுக்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும், உரப்புக்கும் அப்படியே. மீட்டர் காட்டுவது ஒலிச்செறிவு, குமிழைத் திருப்பினால் மாறுவது ஒலியளவு, செவி உணர்வதே உரப்பு. இம்மூன்றையும் 'சத்தம்' என்று ஒன்றாக்குவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

1933இல் பிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் சம உரப்புக் கோடுகளை வரைந்தார்கள்; ஒவ்வொரு அதிர்வெண்ணும் ஒரே உரப்பில் கேட்க எத்தனை டெசிபல் வேண்டும் என்பதை அவை காட்டும். இக்கோடுகளுக்கான இன்றைய பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 226இன்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலுக்கு இணையாகக் கேட்க 100 ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 64 டெசிபல் தேவை; 3150 ஹெர்ட்ஸுக்கு 36 போதும்.

ஆம்ப்காம்ப் இதை எளிய கணக்காகச் செய்கிறது: அடிப்படை அதிர்வெண்ணை ஸ்வரத்தின் அதிர்வெண்ணால் வகுத்து, கன மூலம் எடுத்து (அதாவது 0.33 அடுக்குக்கு உயர்த்தி), வீச்சோடு பெருக்கும். ஒரு ஸ்தாயி ஏறினால் 2 டெசிபல் குறையும். 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் செவி மறுபடி மந்தமாவது இக்கணக்கில் இல்லை. அதற்கு, செவியின் கூர்மைக்கேற்ப அதிர்வெண்களுக்கு எடை தரும் ஏ-எடையிடலைப் பின்பற்றும் ஆம்ப்காம்ப்-ஏ இருக்கிறது.

அடிப்படையாக, வாசிக்கப்போகும் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தையே கொடுங்கள். 261.6 ஹெர்ட்ஸைக் கொடுத்துவிட்டு 65.4க்கு இறங்கினால் பெருக்கம் 1.59 ஆகும், 0.8 வீச்சு 1.27 ஆகி, 1 என்ற எல்லையைத் தாண்டுவதால் அலை வெட்டுப்படும், கரகரக்கும். 65.4ஐயே கொடுத்தால் அந்த ஸ்வரம் 0.8இல் நிற்கும், 261.6 ஹெர்ட்ஸ் 0.5க்கு இறங்கும்.

ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள சைன் அலைக்கு இது அழகாகப் பொருந்தும். ரம்ப அலையில் கவனம் தேவை: அதன் மேற்சுரங்கள், அதாவது ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர் அதிர்வெண்கள், செவி கூர்மையாக உள்ள பகுதியிலேயே விழுவதால், தாழ்ஸ்வரம் ஏற்கெனவே நன்றாகக் கேட்கும். முழு ஈடு கொடுத்தால் அடியொலி வீங்கும், அடுக்கை 0.33இலிருந்து 0.15 அளவுக்குக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். ஃபோன் ஒலிபெருக்கியிலோ 65 ஹெர்ட்ஸே சரியாக வராது. அங்கே ஈடு கூட்டினால் சிதைவுதான் கூடும்.