கட்டைவிரல் மறைத்த வரி: ஒப்பந்த நீடிப்பில் ஒப்பமிடும் முன்

அந்தத் தம்பி என் மேசையில் வைத்தது ஒப்பந்தத்தை அல்ல, கைபேசியை. ஏழு பக்க ஒப்பந்தத்துக்கு அதில் ஐந்து படங்கள்தான் இருந்தன. ஐந்தாவது படத்தில், தாளைப் பிடித்திருந்த கட்டைவிரல் ஒரு வரியின் நடுவை மறைத்திருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்வதானால், “கழகம் விரும்பினால், ஒப்பந்தம் முடிவதற்கு” என்று தொடங்கி, “நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவித்து, அதே சம்பளத்தில் மேலும் ஒரு பருவத்துக்கு நீடிக்கலாம்” என்று முடிந்தது. எத்தனை நாட்கள் என்பது விரலுக்கு அடியில் இருந்தது.

“யாருடைய விரல் தம்பி இது?”

“என்னுடையதுதான் மிஸ். மனேஜர் பக்கத்திலேயே நின்றார். அவசரத்தில் எடுத்தேன்.”

திருகோணமலைத் திருக்கடலூர்ப் பிள்ளை. மக்கெய்சர் மைதானத்திலும் ஏகாம்பரம் மைதானத்திலும் ஓடி வளர்ந்து, வெளிமாவட்டக் கழகம் ஒன்றுக்குச் சம்பளத்துக்கு உதைபந்தாட்டம் ஆடப் போனவர். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒப்பந்தம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. வெளிநாட்டுக் கழகம் ஒன்று இரண்டு மடங்குக்கு மேல் சம்பளம் பேசியிருந்தது. அந்த நேரத்தில்தான் பழைய கழகத்திடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: “வாழ்த்துகள், உன்னை அடுத்த பருவத்துக்கும் நீடித்திருக்கிறோம்.” ஒரு மணித்தியாலத்துக்குள் அவருடைய படத்தோடு முகநூலில் போஸ்டரும் போட்டுவிட்டார்கள். ஊரில் சிலர் வெடி கொளுத்தினார்கள். தாய்க்கு மட்டும் மகனின் முகம் சரியில்லை என்று பட்டிருக்கிறது. மறுநாள் காலையிலேயே அழைத்து வந்துவிட்டார்.

நான் விளையாட்டுச் சட்டத்தில் நிபுணர் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். என் அலுமாரியில் இருப்பவை பெரும்பாலும் காணி வழக்குகளும், ஜீவனாம்ச வழக்குகளும், லீசிங் கட்டமுடியாமல் முச்சக்கரவண்டியைப் பறிகொடுத்தவர்களின் கோப்புகளும். ஆனாலும் உதைபந்தாட்டம் உயிராக இருக்கும் மாவட்டம் இது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் நகரத்திலிருந்தும் வீரர்கள் வருகிறார்கள். எல்லோரும் ஒப்பமிட்ட பிறகுதான் வருகிறார்கள் என்பதே என் மனக்குறை.

“நீடிப்பு” என்ற சொல் காதுக்கு இனிமையானது. உண்மையில் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு காரியங்கள் இருக்கின்றன. கழகமும் வீரரும் மறுபடி உட்கார்ந்து, சம்பளம் பேசி, புதிய தாளில் இருவரும் ஒப்பமிடுவது ஒன்று. பழைய தாளில் ஏற்கெனவே எழுதி வைத்த ஒரு வரியைக் கொண்டு, ஒரு தரப்பு மட்டும் தானாகவே காலத்தைக் கூட்டிக்கொள்வது மற்றது. முதலாவதில் பேரம் பேச இடம் உண்டு. இரண்டாவதில் பேரம் முதல்நாளே முடிந்துவிட்டது. அன்றைக்கு வீரருக்குப் பத்தொன்பது வயது, கையில் பேனா, எதிரே மனேஜர்.

அந்த உரிமை யாருடைய கையில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். 2022 மே மாதம் பிரெஞ்சு வீரர் கிலியன் எம்பாப்பே பாரிஸ் கழகத்தோடு ஒப்பந்தத்தை நீடித்தபோது, 2025 என்று எழுதிய சட்டையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். உலகம் முழுக்க மூன்றாண்டு ஒப்பந்தம் என்றே நம்பியது. தாளில் இருந்ததோ இரண்டாண்டு. மூன்றாவது ஆண்டு வீரர் விரும்பினால் மட்டும். 2023 ஜூனில், அந்த ஆண்டு வேண்டாம் என்று அவர் கடிதம் கொடுத்தார். கோபம் கொண்ட கழகம் அந்த ஆண்டு ஆசியப் பயணத்துக்கு அவரை அழைத்துச் செல்லவில்லை. ஆனாலும் 2024இல் ஒரு சதம் இடமாற்றப் பணம்கூட இல்லாமல் அவர் ரியல் மட்ரிட்டுக்குப் போனார். சட்டையில் இருந்த ஆண்டு வேறு, தாளில் இருந்த ஆண்டு வேறு. எங்கள் தம்பியின் தாளில் சாவி கழகத்திடம் இருந்தது.

சாவி கழகத்திடம் இருந்தால் எல்லாம் போய்விட்டது என்றும் இல்லை. ஒரு தரப்பு மட்டும் நீடிக்கும் இப்படியான வரிகளை, உலக உதைபந்தாட்டத்தை நிர்வகிக்கும் பீஃபாவின் தீர்ப்பு மன்றமும், லொசானில் உள்ள விளையாட்டு நடுத்தீர்ப்பு மன்றமும் பல வழக்குகளில் சந்தேகக் கண்ணோடு பார்த்திருக்கின்றன. அந்த வரி முதல் ஒப்பந்தத்திலேயே வீரரின் கண்ணில் படும்படி தெளிவாக இருந்ததா? நீடித்த காலத்துக்கான சம்பளம் முன்கூட்டியே எழுதப்பட்டு, உயர்ந்தும் இருந்ததா? மொத்தக் காலம் அளவுமீறி நீளுகிறதா? நியாயமான கால அவகாசத்துக்குள் அறிவித்தார்களா? ஒரு தரப்பு மற்றத் தரப்பின் தயவில் கிடக்கிறதா? இவற்றைத்தான் கேட்டுப் பார்க்கிறார்கள். “அதே சம்பளத்தில்” என்ற இரண்டு சொற்கள் இந்த இடத்தில் கழகத்துக்குப் பாதகமானவை. எழுதியவருக்கு அது தெரிந்திருக்காது.

ஆனால் ஒன்று. வெளிநாட்டுக் கழகத்துக்கு ஆடும் இலங்கை வீரரின் வழக்கு எல்லை தாண்டியது என்பதால் பீஃபாவுக்குப் போகமுடியும். இலங்கை வீரருக்கும் இலங்கைக் கழகத்துக்கும் இடையிலான சண்டையை அங்கே எடுத்துச் செல்ல முடியாது, உள்ளூரிலேதான் தீர்க்கவேண்டும். இந்த மன்றங்கள் சொல்வதை நாங்கள் வாதத்துக்குத் துணையாகக் காட்டலாம், அவ்வளவே. பீஃபாவுக்குப் போகக்கூடியவர்களும் பிணக்கு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போய்விடவேண்டும். எங்கள் சட்டத்தில் எழுத்திலான ஒப்பந்தத்தின் மீது வழக்குத் தொடர ஆறு ஆண்டு உண்டு, வாய்ப்பேச்சின் மீது என்றால் மூன்று. “அண்ணன் சொன்னார், தருவார்” என்று காத்திருப்பவர்கள் இந்த மூன்றாண்டுக் கணக்கில்தான் அகப்படுகிறார்கள்.

இப்போது விரல் மறைத்த அந்த நாட்களின் எண்ணிக்கைக்கு வருவோம். ஒப்பந்தத்தில் ஒரு திகதியின் பெறுமதி தெரியாதவர்கள் 2020 ஆகஸ்டை நினைத்துக்கொள்ளலாம். பருவ முடிவில் இலவசமாக வெளியேறலாம் என்ற வரி லியோனல் மெஸ்ஸியின் பார்சலோனா ஒப்பந்தத்தில் இருந்தது. பயர்ன் மியூனிக்கிடம் 2-8 என்று தோற்ற சில நாட்களில், விலகுகிறேன் என்று பதிவுத்தபால் அனுப்பினார். அந்த உரிமை ஜூன் 10ஆம் திகதியோடு முடிந்துவிட்டது என்றது கழகம். கொரோனாவால் பருவமே ஆகஸ்ட் வரை நீண்டதே என்றது வீரர் தரப்பு. விலகுவதானால் 700 மில்லியன் யூரோ என்ற மற்ற வரியைக் கழகம் காட்டியது. தன் கழகத்தை நீதிமன்றத்துக்கு இழுக்க மனமில்லை என்று சொல்லி மெஸ்ஸி இன்னும் ஓராண்டு இருந்தார். உலகத்தில் எந்தச் சட்டத்தரணியையும் அமர்த்தக்கூடியவருக்கே ஒரு திகதி தடை போட்டது. அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் வேடிக்கை. இருக்க அவர் சம்மதித்தார், வைத்திருக்கக் கழகமும் சம்மதித்தது. ஆனால் லீக்கின் நிதி விதிகளால் அந்த ஒப்பந்தத்தைப் பதிய முடியவில்லை, அழுதுகொண்டே விடைபெற்றார். ஆகவே நீடிப்பில் ஒப்பமிட்ட பிறகு, உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் பதிந்தாயிற்றா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக்குறைவு அல்ல.

தம்பியின் விஷயத்தில், முழுப் பிரதியைத் தரும்படி கழகத்துக்குக் கடிதம் எழுதினேன். ஒப்பமிட்ட நாளில் அவருக்குப் பிரதியே கொடுக்கப்படவில்லை. ஒன்பது நாள் கழித்துத் தாள் வந்தது. விரலுக்கு அடியில் இருந்த எண் முப்பது. வாட்ஸ்அப் செய்தி வந்ததோ ஒப்பந்தம் முடிய பதினொரு நாள் இருக்கையில்.

“வாட்ஸ்அப் எல்லாம் எழுத்தாகுமா மிஸ், அதையே பிடிப்போமே” என்றார் தாய். கெட்டிக்காரி. ஆனால் நான் அதைப் பிடிக்கவில்லை. இலத்திரனியல் செய்திகளுக்குச் சட்டப் பெறுமதி கொடுக்கும் சட்டம் 2006 முதல் இந்நாட்டில் இருக்கிறது. அந்த வாதத்தில் தொங்கினால் கயிறு அறுந்துவிடும். நாட்கணக்கு அப்படி அல்ல. முப்பதுக்குப் பதினொன்று குறைவு என்று விளங்க நீதிபதி தேவையில்லை. மூன்று பந்தியில் கடிதம் அனுப்பினேன். பதிலில் காரசாரம் இருந்தது, ஆனால் கழகம் பிடியை விட்டது.

வென்றோம் என்று எழுத ஆசைதான். கழகம் விடுதலைக் கடிதம் கொடுத்தபோது வெளிநாட்டில் புதிய வீரர்களைப் பதியும் காலம் முடிந்திருந்தது. அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். பிரதி முதல்நாளே கையில் இருந்திருந்தால் அந்த ஒன்பது நாள் வீணாகியிருக்காது.

ஒப்பந்தம் முடியும் வேளையில் வேறு கழகத்தோடு பேரம் பேச வீரர்களுக்கு ஏன் முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் ஜான் மார்க் பொஸ்மன் என்ற பெல்ஜிய வீரரின் வழக்கு இருக்கிறது. 1990இல் ஒப்பந்தம் முடிந்தபோது, நான்கில் ஒரு பங்குச் சம்பளத்துக்கு இருக்கச் சொன்ன கழகம், போவதானால் பணம் கேட்டு மறித்தது. 1995 டிசம்பர் 15ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்குள் கரைந்துபோயிருந்தது. இன்று பீஃபா விதிப்படி, ஒப்பந்தம் முடிந்திருந்தாலோ, முடிய ஆறு மாதத்துக்குள் இருந்தாலோ, வீரர் வேறு கழகத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அந்த ஆறு மாதம் தொடங்கும் வேளையில்தான் கழகங்களுக்கு உங்கள் மேல் திடீர் அன்பு பிறக்கும். நீடிப்புத் தாள் அப்போது வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், அவசரப்படவும் வேண்டாம்.

“நீ அமெச்சூர்தானே, இது சம்பளமல்ல, கைச்செலவு” என்று சொல்லும் கழகங்களும் உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்து, ஆட்டத்துக்காக நீங்கள் செய்யும் செலவுக்கு மேல் பணம் கிடைத்தால் நீங்கள் தொழில்முறை வீரர் என்பதே பீஃபாவின் வரையறை. தாளின் தலைப்பில் என்ன பெயர் வைத்தாலும் அது மாறாது. அதேபோல, மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதுவதும் கூடாது; பரிசோதிப்பதானால் ஒப்பமிட முன்பே பரிசோதிக்கவேண்டும். சம்பளம் இரண்டு மாதம் நிலுவையானால், எழுத்தில் கேட்டு, குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்போதும் தராவிட்டால் நியாயமான காரணத்தோடு விலகலாம். எழுத்தில் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுகிறவர்களை என்னால் காப்பாற்ற முடிவதில்லை. இரண்டு பேர் அப்படி வந்திருக்கிறார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு மூன்றாண்டுக்கு மேல் தொழில்முறை ஒப்பந்தம் செய்ய பீஃபா அனுமதிப்பதில்லை. சில விதிவிலக்குகள் தவிர, அந்த வயதில் வெளிநாட்டுக் கழகத்துக்கு மாற்றவும் முடியாது. “பையனை ஐரோப்பாவுக்கு எடுக்கிறோம், முற்பணம் கட்டுங்கள்” என்று யாராவது கோணேசர் கோயில் பிரசாதத்தோடு வீட்டுக்கு வந்தால், பீஃபாவின் முகவர் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். நகையை அடகு வைத்த பிறகு என்னிடம் வராதீர்கள்.

வாசிக்காமல் ஒப்பமிட்டேன், ஆங்கிலம் விளங்கவில்லை என்பது பொதுவாக நீதிமன்றத்தில் நிற்காது. ஒப்பமிட்டவர் கட்டுப்பட்டவர். ஆகவே இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். தமிழ்வழியில் படித்ததற்கு வெட்கப்பட எதுவும் இல்லை. யாரையாவது கொண்டு வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு நாள் தரமறுக்கும் கழகம் அந்தத் தாளில் எதையோ மறைக்கிறது என்பது என் அனுபவம்.

தம்பி கடைசியில் பழைய கழகத்தோடுதான் மறுபடி பேசினார். இந்த முறை நகல் முதலில் என்னிடம் வந்தது. நீடிக்கும் வரியைப் பென்சிலால் வெட்டி, “இருவரும் எழுத்தில் சம்மதித்தால் மட்டும்” என்று எழுதினேன். கழகம் முணுமுணுத்துவிட்டு ஏற்றது. சம்பள உயர்வு கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருதரப்பின் சுருக்கொப்பம், ஏழு பக்கமும்.

தாய் அதை வாங்கி, கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் உறையைத் திறந்தார். உள்ளே காணி உறுதியும், படகின் பதிவுத் தாளும் மடித்திருந்தன.

“இதையும் இதற்குள் வைக்கலாமா மிஸ்?”

“வையுங்கள் அம்மா. அதற்கு முன் ஒரு போட்டோப் பிரதி எடுத்து இங்கே தாருங்கள்.”

தம்பி கைபேசியை எடுத்தார். இந்த முறை தாளை மேசையில் விரித்து வைத்துவிட்டுப் படம் எடுத்தார்.