உயரம் 6-5, எடை 290: கல்லூரி ஃபுட்பால் புதுமுகங்களின் குறிப்பை எப்படி வாசிப்பது?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் புதுமுகங்கள் கையெழுத்திடும் முக்கிய நாள், 2024 முதல் டிசம்பரின் முதல் புதன்கிழமைக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய வாரம் முழுக்க இணையத்தில் ஒரே மாதிரிச் சீட்டுகள் சுற்றும். பெயர், ஆடும் இடம், உயரம், எடை, நட்சத்திரம் (மதிப்பீட்டுத் தளங்கள் தரும் தரம், ஐந்து உச்சம்), அழைத்த கல்லூரிகள், கீழே மூன்று வரி வர்ணனை. கல்யாணத் தரகர் நீட்டும் ஜாதகக் குறிப்பைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இராது. எல்லாம் உண்மைபோலவே இருக்கும், உயரம் மட்டும் ஓர் அங்குலம் கூடியிருக்கும்.

இங்கே பேசப்போவது ஆஃபென்ஸ், அதாவது பந்தை வைத்துத் தாக்கும் பக்கம், ஆடும் பையன்களைப் பற்றி மட்டும். குறிப்பில் இருப்பவன் 17 வயதுப் பையன். பயிற்சியாளருக்கு வேண்டியது 20, 21 வயதில் அவன் ஆகப்போகும் ஆள். இந்த இடைவெளி பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குக்குச் சில மாதங்கள், முன்வரிசையில் நின்று எதிராளியைத் தடுக்கும் லைன்மேனுக்கு மூன்று வருடங்கள். எல்லா இடத்துக்கும் ஒரே கண்ணோடு வாசிப்பதால்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் வருகின்றன.

முதலில் அளவுகள். பள்ளி அணியின் பட்டியலில் இருக்கும் உயரம் பெரும்பாலும் பையனே சொன்னது, ஷூ போட்டுக்கொண்டு அளந்தது, அல்லது பயிற்சியாளர் பெருந்தன்மையாக எழுதியது. யாரோ நேரில் அளந்த எண் என்றால் சில இடங்களில் நான்கு இலக்கமாக எழுதியிருப்பார்கள். 6035 என்றால் 6 அடி, 03 அங்குலம், அதற்கு மேல் ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு. வெறும் "6-4" என்றிருந்தால் அது விசாரிக்க வேண்டிய தகவல், அவ்வளவுதான்.

பிறந்த தேதியைப் பெரும்பாலான குறிப்புகள் சொல்வதே இல்லை. எட்டாம் வகுப்பில் ஒரு வருடம் வேண்டுமென்றே நிறுத்திவைத்து, உடல் வளர்ந்தபின் மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்பும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. 19 வயதை எட்டிய பையன் 16 வயதுப் பையன்களை உருட்டித் தள்ளும் வீடியோ அழகாகத்தான் இருக்கும். அந்த உடலில் இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கியிருக்கிறது என்பதே கேள்வி.

அடுத்தது 40 யார்டு ஓட்டம். கையில் ஸ்டாப்வாட்ச் பிடித்து எடுத்த நேரம், மின்னணுக் கருவி காட்டுவதைவிட 0.2 வினாடி வரை குறைவாக வரும். ஓடுபவன் அசைந்ததைக் கண் பார்த்து, விரல் அழுத்துவதற்குள் அந்த நேரம் தப்பிவிடுகிறது. தொழில்முறை லீகான என்எஃப்எல், கல்லூரி வீரர்களைச் சோதித்துப் பார்க்கும் கம்பைன் முகாமில் 2024-இல் சேவியர் வொர்த்தி ஓடிய 4.21 வினாடிதான் அங்கே பதிவான மிக வேகமான ஓட்டம். அப்படியிருக்க ஒரு பள்ளி மாணவனின் குறிப்பில் 4.3 என்று கண்டால் புன்னகைத்துவிட்டுப் போகலாம். நம்ப வேண்டுமானால் தடகளப் போட்டியில் அவன் ஓடிய 100 மீட்டர் நேரத்தைத் தேடுங்கள். மின்னணு நேரமா, பின்காற்று வினாடிக்கு 2 மீட்டருக்குள் இருந்ததா என்று அங்கே எழுதியிருக்கும். அதில் 10.6-க்குக் கீழ் ஓடியவன் நிஜமாகவே வேகமானவன்.

ஹட்ல் என்ற வீடியோ தளத்தில் ஏற்றும் ஹைலைட் வீடியோ விளம்பரம். பையன் மோசமாக ஆடியதை யாரும் அதில் ஒட்டமாட்டார்கள். முழு ஆட்டம் ஒன்று கேளுங்கள், அதுவும் அவன் அணி தோற்ற ஆட்டம், வலுவான எதிரணியோடு ஆடியது. நான்காம் கால்பகுதியில் கால் எப்படி நகர்கிறது, பந்து தன் பக்கம் வராதபோது என்ன செய்கிறான் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

இனி ஆடும் இடங்கள். மிகவும் தவறாக வாசிக்கப்படுவது ஆஃபென்சிவ் லைன். எதிராளியைத் தரையில் சாய்த்து மேலே விழும் 'பேன்கேக்' காட்சிகளைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். கீழே கிடப்பவனின் எடையைப் பாருங்கள். 290 பவுண்டு பையன் 190 பவுண்டு பையனைச் சாய்ப்பதில் திறமை ஏதும் தெரிவதில்லை. பாஸ் எறிபவனைக் காக்கும் காட்சிகளில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முழங்கால் மடிந்து உட்கார்கிறானா, இடுப்பில் குனிகிறானா? இடுப்பில் குனிந்தால் தலை முன்னால் போகும், எடை பாதத்தின் முன்பகுதிக்கு வரும். கையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் முகம் குப்புற விழுவான். பின்னோக்கி எடுத்துவைக்கும் முதல் அடியிலேயே இடுப்பை வெளிப்பக்கம் திருப்பிவிடுகிறானா? அப்படியென்றால் உள்பக்கம் வெட்டி வரும் ஆளுக்கு அவன் கதவைத் திறந்து வைக்கிறான். கைகள் எதிராளியின் மார்பில் படுகின்றனவா, தோளுக்கு வெளியே போகின்றனவா? வெளியே போனால் கல்லூரியில் அது ஹோல்டிங், 10 யார்டு அபராதம்.

லைனின் ஓரத்தில் நிற்கும் டாக்கிளாக ஆட நினைப்பவனுக்குக் கை நீளம் 33 அங்குலமாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தோள் எலும்பின் முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளப்பார்கள். குறைந்தால் உள்ளே நிற்கும் கார்டு அல்லது நடுவில் நிற்கும் சென்டராகப் பார்ப்பார்கள். எடை விஷயத்தில் ரசிகர்கள் நேர்மாறாக யோசிக்கிறார்கள். அகன்ற இடுப்பும் நீண்ட காலும் உள்ள 265 பவுண்டு பையனை, தொப்பையோடு வரும் 330 பவுண்டு பையனுக்கு மேலாகவே வைக்க வேண்டும். முதலாமவனுக்கு நல்ல சாப்பாடும் எடைப்பயிற்சியும் கொடுத்து இரண்டு வருடத்தில் 35, 40 பவுண்டு ஏற்றிவிடலாம். இரண்டாமவனுக்கு முதலில் இறக்கி, பிறகு ஏற்ற வேண்டும். வேறு என்ன விளையாடினான் என்பதும் இங்கே கனமான தகவல். என்எஃப்எல் டாக்கிள் டிரிஸ்டன் வொர்ஃப்ஸ் அயோவா மாநிலத்தில் மல்யுத்தம், குண்டு எறிதல், தட்டு எறிதல் மூன்றிலும் பள்ளிச் சாம்பியன். அந்தக் கால்தான் பின்னர் லைனில் பேசியது.

2013 என்எஃப்எல் டிராஃப்ட்டில் (அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாகப் போன டாக்கிள் எரிக் ஃபிஷர் பள்ளி முடித்தபோது இரண்டு நட்சத்திரப் பையன், சென்ட்ரல் மிச்சிகனில் ஆடியவர். அதே டிராஃப்ட்டில் நான்காவதாகப் போன லேன் ஜான்சன் டெக்ஸஸில் ஒரு சிறிய ஊரில் பள்ளி அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக். இரண்டு வருட ஜூனியர் காலேஜ் வழியாக ஓக்லஹோமா போய், லைனிலும் நின்று பாஸும் பிடிக்கும் டைட் எண்ட், தடுப்புப் பக்கத்து டிஃபென்சிவ் எண்ட் எல்லாம் சுற்றிவிட்டுத்தான் டாக்கிளுக்கு வந்தார். இரண்டு பேருடைய பள்ளிக் காலக் குறிப்பிலும் இதை முன்கூட்டிச் சொல்லும் வரி இருந்திருக்க வாய்ப்பில்லை.

குவார்ட்டர்பேக்குக்கு எண்கள்தான் பொறி. 70 சதவீதம் துல்லியம் என்று போட்டிருப்பார்கள். அதில் பாதி, பக்கவாட்டில் தட்டிவிடும் ஸ்கிரீன் பாஸாக இருந்தால் ஓடியது பந்தைப் பிடித்த ரிசீவர், கணக்கு மட்டும் இவனுக்கு. மூன்றாவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) 7 யார்டுக்கு மேல் வேண்டிய எறிதல்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். முதலில் பார்த்த ஆள் மூடப்பட்டபின் கண் அடுத்தவனிடம் போகிறதா, உடனே கால் ஓடக் கிளம்புகிறதா? இன்னொன்று: பந்து வருவதற்கு முன் அணி முழுக்க ஓரக்கோட்டைத் திரும்பிப் பார்க்கிறதென்றால் எதிரணியின் அமைப்பைப் படித்து ஆட்டத்தை மாற்றுவது பயிற்சியாளர். பையன் கட்டளையை நிறைவேற்றுகிறான். அது குற்றமில்லை, ஆனால் படிக்கத் தெரியுமா என்ற கேள்விக்கு அந்த வீடியோ பதில் சொல்லாது.

கை பலத்துக்கு ஒரே ஒரு எறிதல் போதும். பந்து ஒரு பக்கத்து ஹாஷ் கோட்டில் (மைதான நடுவுக்கு இரு பக்கமும் உள்ள குறிக்கோடு) இருக்கும்போது எதிர்ப்பக்கத்து ஓரக்கோட்டுக்கு எறியும் 'அவுட்'. பந்து கடைசி சில யார்டுகளில் தொங்கினால் ரிசீவரைக் காவல் காக்கும் கல்லூரிக் கார்னர்பேக் குறுக்கே பாய்ந்து எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான். அரைக்கால் சட்டையோடு முகாமில் எறியும் வீடியோக்களுக்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள். யாரும் அடிக்க வராத இடத்தில் எல்லோருக்கும் கால் ஒழுங்காகத்தான் இருக்கும்.

என்எஃப்எல் குவார்ட்டர்பேக் ஜோஷ் ஆலன் கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற விவசாய ஊரிலிருந்து வந்தவர். பள்ளி முடித்தபோது கல்லூரி ஃபுட்பாலின் மேல்தட்டுப் பிரிவான எஃப்பிஎஸ் கல்லூரி ஒன்றுகூட உதவித்தொகை தரவில்லை. ரீட்லி காலேஜ், பிறகு வயோமிங், 2018 டிராஃப்ட்டில் 7-வது இடம். இதைச் சொல்லி நட்சத்திரமெல்லாம் பொய் என்று வாதிடுபவர்களையும் நம்பாதீர்கள். ஐந்து நட்சத்திரக் கூட்டத்தில் டிராஃப்ட் ஆகும் விகிதம் மூன்று நட்சத்திரக் கூட்டத்தைவிட மிக அதிகம். மதிப்பீட்டுத் தளமான 247ஸ்போர்ட்ஸ் ஒரு வருடத்துக்குச் சுமார் 32 பேருக்குத்தான் ஐந்து நட்சத்திரம் தருகிறது, என்எஃப்எல் டிராஃப்ட் முதல் சுற்றின் எண்ணிக்கையை மனத்தில் வைத்து. கூட்டத்தைப் பற்றிச் சொல்ல அது நல்ல கருவி. தனி ஆளைப் பற்றி, அதுவும் சிறிய ஊரில், தாமதமாக வளர்ந்த பையனைப் பற்றிச் சொல்வதில்தான் தடுமாறும்.

வைடு ரிசீவர்களில் பள்ளி வீடியோ மறைப்பது ஒன்றுதான்: முகத்துக்கு நேரே நின்று கைவைத்துத் தடுக்கும் பிரெஸ். பள்ளியில் பெரும்பாலும் எதிராளி 7, 8 யார்டு தள்ளி நிற்பான். தடுக்கப்பட்ட காட்சி இரண்டு மூன்று கிடைத்தாலே போதும், முதல் இரண்டு அடியில் என்ன செய்கிறான் என்று பாருங்கள். பந்தைக் கையால் பிடிக்கிறானா, நெஞ்சோடு அணைக்கிறானா என்பது அடுத்தது. எடையைப் பற்றி இங்கே ரொம்பக் கவலைப்பட வேண்டாம். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை 2020-இல் வாங்கிய டெவோன்டா ஸ்மித் 170 பவுண்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தார். ஜஸ்டின் ஜெஃபர்சன் பெரிய பரபரப்பில்லாமல் லூசியானா ஸ்டேட் (எல்எஸ்யு) போனவர், 2019-இல் 111 பந்து பிடித்தார்.

ரன்னிங் பேக் வந்த வருடமே ஆடிவிடுவான். ஏட்ரியன் பீட்டர்சன் 2004-இல் ஓக்லஹோமாவில் முதல் வருடமே 1,925 யார்டு ஓடினார். குறிப்பில் இல்லாதது குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து (பிளிட்ஸ்) வரும் எதிரணி லைன்பேக்கரைத் தடுக்கத் தெரியுமா என்பது. அது தெரியாதவனை மூன்றாவது டவுனில் வெளியே உட்காரவைப்பார்கள்.

டைட் எண்ட் என்று எழுதியிருப்பவர்களில் பலர் உண்மையில் பெரிய உடம்புள்ள ரிசீவர்கள், டாக்கிளுக்குப் பக்கத்தில் கை ஊன்றி நின்றதே இல்லை. டிராவிஸ் கெல்ஸி பள்ளியில் குவார்ட்டர்பேக். இந்த இடத்துக்கும் பொறுமை வேண்டும்.

பெற்றோர் அதிகம் ஏமாறுவது 'ஆஃபர்' பட்டியலில். பதினைந்து கல்லூரிப் பெயர் இருக்கும், அதில் பாதி "பிடித்திருக்கிறது, தொடர்பில் இருப்போம்" என்ற அளவுக்குத்தான். பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள்: "இன்றைக்கே வருகிறேன் என்றால் எடுத்துக்கொள்வீர்களா?" பதில் சுற்றி வளைந்தால் அது ஆஃபர் இல்லை. எழுத்துபூர்வ உதவித்தொகைக் கடிதம் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் 1-க்கு முன் வராது, அதுவரை எல்லாம் வாய்ப்பேச்சு. பையன் சொல்லும் 'கமிட்' கூட அப்படித்தான், இரு தரப்பும் விலகலாம். 'பிரிஃபர்டு வாக்-ஆன்' என்றால் அணியில் இடம் உண்டு, உதவித்தொகைக்கு உறுதி இல்லை. பையனை ஒரு கல்லூரியோடு கட்டிவைத்த பழைய நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் 2024 அக்டோபரில் ஒழிந்துவிட்டது. இப்போது கையெழுத்தாவது உதவித்தொகை ஒப்பந்தம், அதில் எத்தனை வருடம், எவ்வளவு என்று வரிவரியாகப் படிக்க வேண்டும். 2025-இல், வீரர்களுக்குக் கல்லூரி நேரடியாகப் பணம் தர வழிசெய்த ஹவுஸ் வழக்குச் சமரசம் ஒப்புதலானபின் அதை ஏற்ற கல்லூரிகளுக்கு 85 உதவித்தொகை என்ற பழைய வரம்பு போய், அணிக்கு 105 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. கூடவே, கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் 21 வயது டாக்கிள் தயாராகக் கிடைக்கும்போது, மூன்று வருடம் காத்திருக்க வேண்டிய 265 பவுண்டு பையனுக்குப் பொறுமை காட்டும் கல்லூரி எது என்று தேடித்தான் போக வேண்டும். கடந்த சில வருடங்களில் அந்தக் கல்லூரியின் லைன்மேன்களில் எத்தனை பேர் போர்ட்டலில் வந்தவர்கள் என்று எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

குறிப்பின் ஓரத்தில் சிறிய எழுத்தில் 'ஜிபிஏ 3.4' என்றிருக்கும். அது பெரும்பாலும் எல்லாப் பாடங்களும் சேர்ந்த மதிப்பெண் சராசரி. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ பார்ப்பது 16 மையப் பாடங்களை மட்டும், அவற்றில் 2.3 வேண்டும். அந்தப் பதினாறில் 10 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும், அதிலும் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலில். அந்தப் பத்தின் மதிப்பெண் அதோடு பூட்டிக்கொள்ளும், கடைசி வருடத்தில் மறுபடி எடுத்து உயர்த்த முடியாது. எடைப்பயிற்சி வகுப்பில் வாங்கிய 'ஏ' இந்தக் கணக்கில் வராது. பள்ளி ஆலோசகரிடம் மையப் பாடப் பட்டியலைப் பத்தாம் வகுப்பிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.