காபரேட்டரில் கை வைக்க முதல்

பழைய கார் வழியில் நின்றால் எங்கள் பக்கத்தில் ஒரே தீர்ப்புத்தான்: "காபரேட்டர் அடைச்சிட்டுது." பெற்றோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுப்பது காபரேட்டர். தொழில் பழகிய காலத்தில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது மட்டக்களப்பு கல்லடியில் சொந்தமாகக் கராச் வைத்திருக்கிறேன், எடுத்த எடுப்பில் காபரேட்டரைக் கழற்றுவதை விட்டுவிட்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தகப்பனார் விட்டுப்போன எம்ஜிபியைக் கொண்டுவந்தார். 1962இல் இங்கிலாந்தில் வெளிவரத் தொடங்கிய இரண்டு பேர் போகும் ஸ்போர்ட்ஸ் கார், பக்கத்தில் பக்கத்தில் எஸ்யூ என்ற வகைக் காபரேட்டர் இரண்டு. கல்லடியில் கிளம்பினால் காத்தான்குடி ஈச்சமரங்களுக்கு நடுவில் இருமத் தொடங்கும், ஆரையம்பதி வரமுதல் நின்றுவிடும், பத்து நிமிடம் ஓரங்கட்டி வைத்தால் ஒன்றும் நடவாததுபோல ஸ்டார்ட் ஆகும். "மனே, ரெண்டு கராச்சில காபரேட்டரக் கழுவியாச்சு, நீயும் ஒருக்காக் கழுவித் தா" என்றார்.

ஆறவிட்டால் ஓடுகிறது என்றால் சூட்டில் பெற்றோல் ஆவியாகிறதோ என்று நினைக்கலாம், எங்கள் வெயிலுக்கு அதுவும் நடக்கும். ஆனால் நான் முதலில் பெற்றோல் பம்பின் சத்தத்தைக் கேட்டேன். இந்தக் காரின் மின்சார பம்ப் வலது பின் சில்லுக்குக் கிட்ட இருக்கிறது, சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று அடித்து, பெற்றோல் தேங்கும் காபரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் நிற்க வேண்டும். ஓயாமல் வேகமாக அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது, இல்லாவிட்டால் பெற்றோல் ஒழுகுகிறது, அல்லது தாங்கியில் பெற்றோலே இல்லை. கார் நின்ற இடத்தில் போய்க் கேட்டால் அது மூச்சு முட்டியதுபோல மெல்ல மெல்ல அடித்தது. தாங்கி மூடியைத் திறந்தேன். உஸ் என்று காற்று உள்ளே போன சத்தம் ஐயாவுக்கும் கேட்டது.

2022இல் பெற்றோல் செட்டில் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் ஞாபகம் இருக்கும்தானே, அப்போது தாங்கியில் திருடுகிறார்கள் என்று பயந்து பூட்டு வைத்த புது மூடி வாங்கிப் போட்டிருக்கிறார். பழைய மூடியில் காற்றுப் போக வழி இருந்தது, இதில் இல்லை. பெற்றோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம், பம்பால் இழுக்க முடியவில்லை. நின்றபின் காற்று மெல்லக் கசிந்து சமனானதும் மறுபடி ஓடியிருக்கிறது.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. முந்தின கராச்சுக்காரர்கள் காபரேட்டரில் பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெற் நட்டைக் கண்டபடி திருப்பியதில் பிளக் எல்லாம் கரி. நட்டை மேலே ஏற்றிவிட்டு, அதன் பன்னிரண்டு முகம், அதாவது இரண்டு முழுச்சுற்று, கீழே இறக்கி அங்கிருந்து தொடங்குவதுதான் முறை. பிறகு இஞ்சின் சூடாக ஓடும்போது காபரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்க்க வேண்டும்: வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம், அணையப் பார்த்தால் குறைவு, சற்றுக் கூடி உடனே பழையபடி வந்தால் சரி.

காபரேட்டருக்கு நோயே வராது என்று நான் சொல்லவில்லை. மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த காரின் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் தேன் நிறத்தில் பிசின், நகத்தால் சுரண்டினால்தான் வரும், வார்னிஷ் மணக்கும். அதன் துணுக்கு ஒன்று கிண்ணத்துக்கு வரும் பெற்றோலை அடைத்துத் திறக்கும் நீடில் வால்வில் சிக்கினால் பெற்றோல் வழிந்து இஞ்சின் மேலேயே சொட்டும். ஆனால் அதற்கு முதல் காபரேட்டர் பக்க ஹோஸைக் கழற்றி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள், நிமிடத்துக்கு அரை லீற்றராவது வர வேண்டும். போத்தலைச் சற்று வைத்துப் பார்த்தால் அடியில் தண்ணீர் முத்தும் துருப்பொடியும் தெரியும், வாவிக் காற்றில் பாதி காலியாகக் கிடந்த தாங்கி என்றால் கட்டாயம் தெரியும். ரப்பர் ஹோஸையும் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். கடையில் கிடைக்கிற வேறு பம்பைப் பொருத்துவதாக இருந்தால் அழுத்தத்தைக் கேட்டு வாங்குங்கள், எஸ்யூவுக்கு மூன்று பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) மேல் தேவையில்லை, கூடினால் நீடில் தாங்காது.

ஹோஸைக் கழற்றிப் பெற்றோல் பிடிக்கும் வேலையை வெளியில், இஞ்சின் ஆறியபின் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒருவர் போத்தலால் காபரேட்டர் வாயில் பெற்றோல் ஊற்ற இன்னொருவர் சாவி திருப்புவதை இன்றும் காண்கிறேன், இஞ்சின் ஒருதரம் பின்னால் வெடித்தால் போத்தல் கையிலேயே எரியும். தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியாது, பெற்றோல் அதன்மேல் மிதந்து போய் இன்னும் பரவும். காரில் ஒரு தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் வைக்கச் சொன்னதற்கு ஐயா சிரித்தார். அடுத்த கிழமை வந்து, எத்தனை கிலோ வாங்க வேண்டும் என்று கேட்டார்.